சார்லட் நகரத்து சேம்பர்ஸ் வக்கீல் அலுவலகம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எந்த அலுவலகத்தைப் பற்றிப் பேசுகிறோம்?

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் சார்லட் என்ற நகரம் இருக்கிறது. அங்கே 1964-ல் ஜூலியஸ் சேம்பர்ஸ் என்ற 27 வயது கறுப்பின வழக்கறிஞர் தனி ஆளாக ஒரு அலுவலகம் திறந்தார். சில ஆண்டுகளில் கூட்டாளிகள் சேர்ந்து அது ‘சேம்பர்ஸ், ஸ்டைன், ஃபெர்குசன் & லானிங்’ ஆனது. ஆட்கள் மாற மாறப் பெயரும் மாறிக்கொண்டே வந்ததால், இங்கே ‘சேம்பர்ஸ் அலுவலகம்’ என்றே எழுதுகிறேன்.

அமெரிக்கப் பள்ளிகளில் இனப் பிரிவினையை உடைத்த முக்கியமான தீர்ப்பு, வேலைவாய்ப்பில் மறைமுகப் பாகுபாட்டைச் சட்டவிரோதமாக்கிய தீர்ப்பு, வாக்குரிமையில் பெரிய திருப்பமாக அமைந்த தீர்ப்பு என்று மூன்றிலும் இவர்கள் கை இருக்கிறது. வாஷிங்டன், நியூயார்க் போன்ற இடங்களில் உட்கார்ந்து இதைச் செய்யவில்லை. சொந்த மாநிலத்தில் இருந்துகொண்டு, தங்களிடம் வழக்கோடு வந்த உள்ளூர்க் கட்சிக்காரர்களுக்காகச் செய்தார்கள்.

சேம்பர்ஸ் ஏன் வக்கீல் தொழிலுக்கு வந்தார்?

அவர் 1936 அக்டோபர் 6 அன்று மவுண்ட் கிலியட் என்ற சிற்றூரில் பிறந்தார். அப்பா வில்லியம் சேம்பர்ஸ் மெக்கானிக். சொந்தமாக ஒரு பட்டறை வைத்திருந்தார். அண்ணனும் அக்காவும் படித்த லாரின்பர்க் பள்ளியில் ஜூலியஸையும் சேர்க்கப் பணம் சேர்த்துக்கொண்டிருந்தார்.

1948-ல் ஒரு வெள்ளையர் தன் பெரிய லாரியைப் பழுதுபார்க்கக் கொண்டுவந்தார். செலவு சுமார் 2,000 டாலர். வேலையெல்லாம் முடிந்த பிறகு பணம் தர முடியாது என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அப்பா ஊரில் இருந்த வெள்ளைக்கார வக்கீல்களிடம் ஏறி இறங்கினார். ஒருவரும் வழக்கை எடுக்கவில்லை. பையனின் படிப்புக்கு வைத்திருந்த பணமும் போயிற்று. தன் வாழ்க்கையின் திசை மாறியது அன்றைக்குத்தான் என்று சேம்பர்ஸ் பிற்காலத்தில் பலமுறை சொல்லியிருக்கிறார்.

லாரின்பர்க் போகவில்லையே தவிர படிப்பு நிற்கவில்லை. டர்ஹமில் கறுப்பின மாணவர்களுக்கான கல்லூரியில் 1958-ல் பட்டம், மிச்சிகனில் வரலாற்றில் முதுகலை, அப்புறம் சேப்பல் ஹில்லில் வட கரோலினா பல்கலைக்கழகச் சட்டப் பள்ளி. அங்கே வகுப்பில் முதல் மாணவர். சட்ட ஆய்விதழின் தலைமை ஆசிரியராகவும் தேர்வானார். அந்தப் பொறுப்புக்கு வந்த முதல் கறுப்பின மாணவர் அவர். அப்படியிருந்தும் ஆண்டு இறுதி விருந்து நடந்த கண்ட்ரி கிளப்புக்குள் அவரை விடவில்லை. 1962-ல் முதல் ரேங்க்கோடு வெளியே வந்தவர், இரண்டு ஆண்டு கழித்து அதே மாநிலத்தில் போர்டு மாட்டினார்.

பெரிய நகரத்துக்குப் போகாமல் சார்லட்டில் ஏன்?

இதைப் புரிந்துகொள்ள அன்றைய நிலைமையைப் பார்க்க வேண்டும். பள்ளிகளில் இனப் பிரிவினை அரசியல் சட்டத்துக்கு விரோதமானது என்று உச்ச நீதிமன்றம் 1954-லேயே சொல்லிவிட்டது. ஆனால் பத்து ஆண்டு கழிந்தும் தெற்கு மாநிலங்களில் நடைமுறை பெரிதாக மாறவில்லை. வட கரோலினா அரசு, எந்தப் பிள்ளை எந்தப் பள்ளியில் படிக்கலாம் என்ற முடிவை உள்ளூர்ப் பள்ளி வாரியங்களிடம் ஒப்படைத்துவிட்டது. மாநிலத்தில் 100 கவுண்டிகள் (நம் மாவட்டம் போன்ற பிரிவுகள்) இருக்கின்றன. ஒவ்வொரு வாரியத்தின் மீதும் தனித்தனியாக வழக்குப் போட வேண்டும். ஒவ்வொன்றிலும் பெயர் கொடுக்கத் துணியும் பெற்றோரைத் தேட வேண்டும், ஆவணங்களைக் கேட்டு வாங்க வேண்டும், வாய்தாவுக்கு வாய்தா ஆஜராக வேண்டும்.

நியூயார்க்கிலிருந்து விமானத்தில் வந்து வாதாடிவிட்டுத் திரும்பும் வக்கீலால் இது முடியாது. ஊரில் இருக்கும் அலுவலகம் வேண்டும். பெற்றோர் மாலையில் வந்து கதவைத் தட்ட ஒரு இடம் வேண்டும். சேம்பர்ஸ் செய்த காரியங்களில் அதிகம் பேசப்படாத, ஆனால் என் பார்வையில் மிகப் பெரிய காரியம், அந்த இடத்தை உண்டாக்கி நிலைக்க வைத்ததுதான்.

ஆரம்பத்தில் பணம் எங்கிருந்து வந்தது?

என்.ஏ.ஏ.சி.பி. (கறுப்பினத்தவர் உரிமைக்கான சங்கம்) சட்டப் பாதுகாப்பு நிதியம் என்று நியூயார்க்கில் ஒரு அமைப்பு உண்டு. சுருக்கமாக எல்.டி.எஃப். என்பார்கள். 1954 தீர்ப்பை வாதாடி வாங்கியது இந்த அமைப்புதான். தெற்கில் குடிமை உரிமை வழக்கு நடத்த இளம் வக்கீல்களைத் தயார் செய்ய அது ஒரு பயிற்சித் திட்டம் தொடங்கியது. முதல் பயிற்சியாளர் சேம்பர்ஸ். ஒரு வருடம் நியூயார்க்கில் வேலை பழகிவிட்டுத் தெற்கில் போய்ச் சொந்தமாகத் தொழில் தொடங்க வேண்டும், முதல் சில ஆண்டுகளுக்கு நிதியம் கைகொடுக்கும். அந்த ஆதரவோடு சார்லட்டின் கிழக்கு டிரேட் தெருவில் மாடியில் ஒரு சின்ன இடத்தைப் பிடித்தார்.

‘பொதுநலச் சேவை’ என்றால் எல்லாம் இலவசமா?

இல்லை. உரிமை வழக்குகளில் கட்சிக்காரர்களால் பெரும்பாலும் பணம் கொடுக்க முடியாது. செலவை எல்.டி.எஃப். தாங்கியது. 1964 குடிமை உரிமைச் சட்டத்தில் நல்ல ஏற்பாடு ஒன்று இருந்தது. பாகுபாடு வழக்கில் ஜெயித்தால், வக்கீல் ஃபீஸை எதிர்த்தரப்பு தர வேண்டும் என்று நீதிமன்றம் உத்தரவிடலாம். 1976-ல் தனிச் சட்டம் வந்து இந்த ஏற்பாடு வேறு வகை உரிமை வழக்குகளுக்கும் விரிந்தது. ஆனால் ஜெயித்தால்தான் பணம். அதுவும் பல வருடம் கழித்து. இடைப்பட்ட காலத்தில் விபத்து நஷ்டஈடு, கிரிமினல் வழக்கு என்று வழக்கமான தொழிலையும் பார்த்தார்கள்.

இதைக் குறையாகச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அது சரியாகப் படவில்லை. தொண்டு மனம் மட்டும் இருந்து வாடகை கட்ட முடியாமல் மூன்று வருடத்தில் மூடிப்போன அலுவலகத்தால் பள்ளி வழக்கை முடிவு வரை கொண்டுபோக முடிந்திருக்காது.

கறுப்பினத்தவரும் வெள்ளையரும் கூட்டாளிகள் என்பது அவ்வளவு பெரிய விஷயமா?

அன்றைய வட கரோலினாவில் ஆமாம். 1967-ல் ஜேம்ஸ் ஃபெர்குசனும் ஆடம் ஸ்டைனும் சேர்ந்தார்கள், விரைவில் ஜேம்ஸ் லானிங்கும் வந்தார். சேம்பர்ஸும் ஃபெர்குசனும் கறுப்பினத்தவர், மற்ற இருவரும் வெள்ளையர். மாநிலத்தின் முதல் கலப்பின வக்கீல் நிறுவனம் என்று இதைத்தான் குறிப்பிடுகிறார்கள்.

ஃபெர்குசன் ஆஷ்வில் ஊர்க்காரர். உயர்நிலைப் பள்ளியில் படிக்கும்போதே, இனப் பிரிவினைக்கு எதிராக மாணவர் குழு ஒன்றை முன்னின்று நடத்தியவர். கொலம்பியாவில் சட்டம் முடித்த கையோடு சார்லட்டுக்கு வந்துவிட்டார். ஜூரிகளை, அதாவது தீர்ப்புச் சொல்ல உட்காரும் பொதுமக்கள் குழுவை, பார்த்துப் பேசும் கலையில் அவருக்கு நிகர் அந்த வட்டாரத்தில் சொல்வது கடினம். சேம்பர்ஸ் மென்மையாக, குரல் உயர்த்தாமல் பேசுபவர். ஆவணங்களில் மூழ்கித் தயாராகி வருபவர். இந்த இரண்டு குணங்களும் ஒரே அலுவலகத்தில் இருந்தது கட்சிக்காரர்களின் அதிர்ஷ்டம்.

உண்மையிலேயே குண்டு வைத்தார்களா?

வைத்தார்கள், ஒரு முறையோடு நிற்கவில்லை. 1965 ஜனவரியில் நியூ பெர்ன் ஊரில் தேவாலயக் கூட்டத்தில் சேம்பர்ஸ் பேசிக்கொண்டிருந்தபோது வெளியே நின்ற அவருடைய காரில் குண்டு வெடித்தது. வெளியே போய்ப் பார்த்துவிட்டு வந்து பேச்சைத் தொடர்ந்தார்.

அதே ஆண்டு நவம்பர் 22 விடியும் முன், சார்லட்டில் நான்கு வீடுகளில் குண்டு வெடித்தது. சேம்பர்ஸ் வீடு ஒன்று. மற்றவை என்.ஏ.ஏ.சி.பி.யின் மாநிலத் தலைவர் கெல்லி அலெக்சாண்டர், நகர மன்ற உறுப்பினர் ஃப்ரெட் அலெக்சாண்டர், பல் மருத்துவரும் போராளியுமான ரெஜினால்ட் ஹாக்கின்ஸ் ஆகியோரின் வீடுகள். குடும்பங்கள் தூங்கிக்கொண்டிருந்த நேரம். யாரும் சாகவில்லை. யாரையும் தண்டிக்கவும் இல்லை. அதற்குச் சற்று முன்புதான், ஷ்ரைன் பவுல் என்ற பள்ளிக் கால்பந்துப் போட்டியில் திறமையான கறுப்பின மாணவர் ஒருவரைச் சேர்க்காததை எதிர்த்து சேம்பர்ஸ் நீதிமன்றம் போயிருந்தார்.

1971 பிப்ரவரியில் அலுவலகத்துக்கே தீ வைத்தார்கள். அப்பாவின் பட்டறைக்கும் தீ வைக்கப்பட்டது. இவ்வளவுக்குப் பிறகும் ஒருவரும் ஊரைவிட்டுப் போகவில்லை.

ஸ்வான் வழக்கு என்பது என்ன?

அலுவலகத்தின் பெயரைச் சொன்னாலே நினைவுக்கு வரும் வழக்கு. முழுப்பெயர் ‘ஸ்வான் எதிர் சார்லட்-மெக்லன்பர்க் கல்வி வாரியம்’.

டேரியஸ் ஸ்வான், வேரா ஸ்வான் தம்பதியர் பிரஸ்பிட்டீரியன் சபையின் மிஷனரிகளாக இந்தியாவில் பணியாற்றியவர்கள். 1964-ல் சார்லட் வந்தபோது, ஆறு வயது மகன் ஜேம்ஸ் வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த, இரு இனப் பிள்ளைகளும் படிக்கும் பள்ளிக்குப் போக வேண்டும் என்று விரும்பினார்கள். வாரியம் அவனைக் கறுப்பினப் பிள்ளைகள் மட்டுமே படித்த பள்ளிக்கு ஒதுக்கியது. மாற்றச் சொல்லிக் கேட்டார்கள், மறுத்துவிட்டது. 1965 ஜனவரி 19 அன்று பத்துக் குடும்பங்களின் சார்பில் சேம்பர்ஸ் வழக்குப் போட்டார். கார் குண்டு வெடித்தது அதற்குச் சில நாட்கள் கழித்து.

முதல் சுற்றில் தோல்வி. மாவட்ட நீதிமன்றம் வாரியத்தின் திட்டமே போதும் என்றது, மேல்முறையீட்டிலும் அதேதான். 1968-ல் உச்ச நீதிமன்றம் வேறொரு வழக்கில், ‘விரும்பினால் மாறிக்கொள்ளலாம்’ என்று சொல்வது மட்டும் போதாது, பிரிவினையை வேரோடு ஒழிக்கும் கடமை வாரியங்களுக்கு உண்டு என்று தீர்ப்புச் சொன்னது. அந்தக் கதவு திறந்ததும் சேம்பர்ஸ் வழக்கை மறுபடி எழுப்பினார்.

இந்த முறை நீதிபதி ஜேம்ஸ் மக்மில்லன். தானே சார்லட்டில் வக்கீலாக இருந்த வெள்ளையர். பிள்ளைகளை வேறு வட்டாரத்துக்குப் பேருந்தில் அனுப்பும் யோசனை ஆரம்பத்தில் அவருக்கே பிடிக்கவில்லை. ஆனால் சாட்சியத்தைக் கேட்டார், வரைபடங்களைப் பார்த்தார். 84,000-க்கு மேல் மாணவர்கள், 107 பள்ளிகள். நகருக்குள் படித்த 21,000 கறுப்பினப் பிள்ளைகளில் சுமார் 14,000 பேர், முழுக்கவோ 99 சதவீதத்துக்கு மேலோ கறுப்பினப் பிள்ளைகளே இருந்த 21 பள்ளிகளில் அடைபட்டிருந்தார்கள். 1969 ஏப்ரலில் மக்மில்லன் வாரியத்துக்கு எதிராகத் தீர்ப்பளித்தார். பிறகு, இரு இனப் பிள்ளைகளையும் கலக்க, வேறு வட்டாரப் பள்ளிகளுக்குப் பேருந்தில் அனுப்பும் திட்டத்துக்கும் உத்தரவிட்டார். நகரம் கொதித்தது. அவருக்கு மிரட்டல்கள் வந்தன, கொடும்பாவி கட்டினார்கள்.

1971 ஏப்ரல் 20 அன்று உச்ச நீதிமன்றம் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக அவருடைய உத்தரவை உறுதி செய்தது. வாதாடிய சேம்பர்ஸுக்கு அப்போது வயது 34. அலுவலகம் எரிந்து இரண்டரை மாதம்கூட ஆகியிருக்கவில்லை.

பேருந்துத் திட்டம் பிள்ளைகளை அலைக்கழித்தது என்கிறார்களே?

தீர்ப்பிலேயே கணக்கு இருக்கிறது. புதிய திட்டத்தில் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளின் பயணம் சராசரியாக 7 மைல், அதிகபட்சம் 35 நிமிடம். அதற்கு முன்பே அந்த வாரியம் தினமும் 23,600 பிள்ளைகளை ஒரு வழிக்குச் சராசரி 15 மைல், ஒரு மணி நேரத்துக்கு மேல் பேருந்தில் ஏற்றிக்கொண்டுதான் இருந்தது. அப்போதெல்லாம் யாரும் தெருவில் இறங்கவில்லை.

சுமை சமமாக விழுந்ததா என்று கேட்டால், இல்லை. அக்கம்பக்கத்தில் பாசத்தோடு நடத்தப்பட்ட பல கறுப்பினப் பள்ளிகள் மூடப்பட்டன. தெற்கு முழுவதுமே பள்ளிகள் இணைந்தபோது கறுப்பின ஆசிரியர்கள் வேலை இழந்தார்கள். அவர்களுக்காகவும் இதே அலுவலகம் வழக்கு நடத்தியது.

ஆனாலும் சார்லட் மாறியது. 1984-ல் அதிபர் ரீகன் தேர்தல் பிரசாரத்துக்கு வந்து, பேருந்துத் திட்டம் தோற்றுப்போன சமூகப் பரிசோதனை என்று பேசியபோது கைதட்டல் எழவில்லை. கூட்டம் அமைதியாக நின்றது. நீங்கள் சொன்னது தவறு, அதிபரே என்று மறுநாள் உள்ளூர்ப் பத்திரிகை தலையங்கம் எழுதியது. அந்த அமைதியைப் பதின்மூன்று ஆண்டுப் பள்ளி அனுபவம் சம்பாதித்துக் கொடுத்தது என்றுதான் நான் நினைக்கிறேன்.

அந்த உத்தரவு இன்னும் அமலில் இருக்கிறதா?

இல்லை. வெள்ளைக்காரப் பெற்றோர் ஒருவர் தொடுத்த வழக்கில் 1999-ல் மாவட்ட நீதிமன்றம் கண்காணிப்பை முடித்துவைத்தது. 2001-ல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை ஏற்றது, 2002-ல் உச்ச நீதிமன்றம் தலையிட மறுத்தது. அந்த விசாரணையிலும் கறுப்பினப் பெற்றோருக்காக நின்றது ஃபெர்குசனின் அணி. 1965-ல் தொடுத்த வழக்கை 37 ஆண்டு கழித்தும் அதே அலுவலகம் தூக்கிச் சுமந்தது. தனி வக்கீலாக இருந்திருந்தால் வழக்குக் கட்டு எப்போதோ கைமாறியிருக்கும்.

பள்ளிகளில் பழைய பிரிவினை கணிசமாகத் திரும்பி வந்துவிட்டது. அதைச் சொல்லாமல் ஸ்வான் கதையை வெற்றிக் கதையாக மட்டும் எழுதுவது நேர்மையாகாது.

வேலைவாய்ப்பு வழக்குகளில் எது முக்கியம்?

‘கிரிக்ஸ் எதிர் டியூக் பவர்’ வழக்கு. உலகம் முழுக்கச் சமத்துவச் சட்டம் படிப்பவர்கள் இந்தப் பெயரைத் தாண்டிப் போக முடியாது.

வட கரோலினாவின் டிரேப்பரில் டியூக் பவர் நிறுவனத்தின் அனல்மின் நிலையம் இருந்தது. மொத்தம் 95 பேர், அவர்களில் 14 பேர் கறுப்பினத்தவர். அந்த 14 பேரையும் ‘தொழிலாளர்’ பிரிவில் மட்டும் வைத்திருந்தார்கள். அந்தப் பிரிவின் மிக உயர்ந்த சம்பளம், மற்ற நான்கு பிரிவுகளின் மிகக் குறைந்த சம்பளத்தைவிடக் குறைவு.

வேலையில் பாகுபாட்டைத் தடைசெய்யும் சட்டம் 1965 ஜூலை 2 அன்று அமலுக்கு வந்தது. அதே நாளில் நிறுவனம் புது விதி கொண்டுவந்தது: நல்ல பிரிவுகளில் புதிதாகச் சேர உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழோடு இரண்டு எழுத்துத் தேர்வுகளிலும் தேற வேண்டும். அங்கே ஏற்கெனவே வேலை பார்த்த வெள்ளையர்களுக்கு இந்த விதி இல்லை. சான்றிதழ் இல்லாமலே அவர்கள் வேலையை ஒழுங்காகச் செய்துகொண்டுதான் இருந்தார்கள். 1960 கணக்கெடுப்பின்படி வட கரோலினாவில் வெள்ளைக்கார ஆண்களில் 34 சதவீதம் பேர் பள்ளி இறுதி முடித்திருந்தார்கள், கறுப்பின ஆண்களில் 12 சதவீதம்.

13 தொழிலாளர்கள் வழக்குப் போட்டார்கள். சேம்பர்ஸ் அலுவலகமும் எல்.டி.எஃப்.பும் சேர்ந்து நடத்தின. இந்த வகை வழக்குகளுக்கு மூளையாக இருந்தவர் ராபர்ட் பெல்டன். எல்.டி.எஃப்.பில் இருந்தவர், பிறகு இந்த அலுவலகத்திலும் சேர்ந்தார். கெட்ட நோக்கம் நிரூபணமாகவில்லை என்று சொல்லிக் கீழ் நீதிமன்றம் தள்ளிவிட்டது. 1971 மார்ச் 8 அன்று உச்ச நீதிமன்றம் எட்டு நீதிபதிகளும் ஒருமித்துத் திருப்பிப் போட்டது: நோக்கம் எதுவாக இருந்தாலும், விதி ஒரு இனத்தாரை வெளியே தள்ளுகிறது, வேலைக்கும் அதற்கும் சம்பந்தம் இருப்பதாகக் காட்ட முடியவில்லை என்றால் அது செல்லாது.

‘நாங்கள் எல்லோருக்கும் ஒரே பரீட்சைதானே வைத்தோம்’ என்ற வாதத்துக்கு இதைவிடத் தெளிவான பதிலை நான் படித்ததில்லை. 1989-ல் உச்ச நீதிமன்றமே இதை நீர்த்துப்போகச் செய்தது. 1991-ல் நாடாளுமன்றம் சட்டம் போட்டு மீட்டது.

அடுத்து 1975-ல் ஆல்பமார்ல் காகித ஆலை வழக்கு. ரோனோக் ராப்பிட்ஸ் ஊர்த் தொழிலாளர்கள். சேம்பர்ஸ் வாதாடி, பாகுபாட்டால் இழந்த சம்பளத்தை நிலுவையோடு தர வேண்டும் என்ற கொள்கையை வாங்கினார். எங்களுக்குக் கெட்ட எண்ணம் இல்லை என்பது பணம் தராமலிருக்கக் காரணமாகாது என்றது நீதிமன்றம்.

கிரிமினல் வழக்குகளும் நடத்தினார்களா?

அது பெரும்பாலும் ஃபெர்குசனின் களம். 1971-ல் வில்மிங்டன் நகரில் பள்ளிப் பிரச்சினை தொடர்பான கலவரத்தில் ஒரு மளிகைக் கடை எரிந்தது. பெஞ்சமின் சாவிஸ் உட்பட ஒன்பது கறுப்பின இளைஞர்களும் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணும் தண்டிக்கப்பட்டார்கள். மொத்தத் தண்டனை 282 ஆண்டுகள். முக்கிய சாட்சிகள் பிறகு பல்டி அடித்து, தாங்கள் சொன்னது பொய் என்றார்கள். முக்கிய சாட்சியின் திருத்திய வாக்குமூலத்தை அரசுத் தரப்பு மறைத்ததும் வெளியே வந்தது. 1980 டிசம்பரில் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் தண்டனைகளை ரத்து செய்தது. பத்துப் பேரும் நிரபராதிகள் என்று ஆளுநர் பெவ் பெர்ட்யூ மன்னிப்பு வழங்கியது 2012 டிசம்பர் 31 அன்று. அதற்குள் சிலர் இறந்தேபோயிருந்தார்கள்.

டாரில் ஹன்ட் வழக்கிலும் ஃபெர்குசன் இருந்தார். செய்யாத கொலைக்காகச் சுமார் 19 ஆண்டு சிறையில் இருந்தவர் ஹன்ட். 1994-லேயே மரபணுச் சோதனை அவருக்குச் சாதகமாக வந்தும், விடுதலையாகி 2004-ல் குற்றமற்றவர் என்று அறிவிக்கப்படும் வரை விடாமல் போராட வேண்டியிருந்தது.

வாக்குரிமை வழக்கு?

‘தார்ன்பர்க் எதிர் ஜிங்கிள்ஸ்’, 1986. ஒரே பெரிய தொகுதியிலிருந்து பல உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கும்படி அமைத்துக் கறுப்பின வாக்குகளைக் கரைத்துவிடும் முறையை எதிர்த்த வழக்கு. அலுவலகத்தைச் சேர்ந்த லெஸ்லி வின்னரும் எல்.டி.எஃப்.பின் லானி கினியரும் விசாரணையில் உழைத்தார்கள், உச்ச நீதிமன்றத்தில் சேம்பர்ஸ் வாதாடினார்.

சேம்பர்ஸ் கடைசி வரை அலுவலகத்திலேயே இருந்தாரா?

தொடர்ச்சியாக இல்லை. 1984-ல் எல்.டி.எஃப்.பின் தலைமைப் பொறுப்புக்கு நியூயார்க் போனார். 1993 முதல் 2001 வரை தான் படித்த டர்ஹம் கல்லூரிக்கே, அப்போது அது பல்கலைக்கழகம், வேந்தராக இருந்தார். அப்புறம் சார்லட்டுக்குத் திரும்பி மறுபடி பிராக்டீஸ். சேப்பல் ஹில்லில் குடிமை உரிமை மையத்தையும் தொடங்கி நடத்தினார். 2013 ஆகஸ்ட் 2 அன்று, 76 வயதில் காலமானார்.

அங்கே ஜூனியர்களாக இருந்தவர்கள் என்ன ஆனார்கள்?

மெல் வாட் 1971-ல் சேர்ந்து இருபது ஆண்டுக்கு மேல் பணியாற்றினார். 1992 தேர்தலில் அவரும் ஈவா கிளேட்டனும் நாடாளுமன்றத்துக்குத் தேர்வானார்கள். 1901-க்குப் பிறகு வட கரோலினாவிலிருந்து போன முதல் கறுப்பின உறுப்பினர்கள் இவர்களே. சார்ல்ஸ் பெக்டன் மாநில மேல்முறையீட்டு நீதிபதியானார். பெல்டன் வான்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் சட்டப் பேராசிரியரானார். ஃபெர்குசன் 1980-களில் தென்னாப்பிரிக்கா போய், இனவெறி ஆட்சியின் கீழ் இருந்த கறுப்பின வழக்கறிஞர்களுக்கு விசாரணைப் பயிற்சித் திட்டம் தொடங்கினார். ஆடம் ஸ்டைனின் மகன் ஜாஷ் ஸ்டைன் 2025 முதல் மாநில ஆளுநர்.

அலுவலகம் இப்போதும் இருக்கிறதா?

இருக்கிறது, ‘ஃபெர்குசன், சேம்பர்ஸ் & சம்ட்டர்’ என்ற பெயரில், சார்லட்டிலேயே. இன்னொன்றும் சொல்ல வேண்டும். அடிமைமுறைக்காகப் போரிட்ட தரப்பின் ஆளுநர் செபுலன் வான்ஸ் பெயரில் நகரத்தில் ஒரு உயர்நிலைப் பள்ளி இருந்தது. சேம்பர்ஸ் எந்தக் கல்வி வாரியத்தின் மீது வழக்குப் போட்டாரோ, அதே வாரியம் 2021-ல் அந்தப் பள்ளிக்கு ஜூலியஸ் எல். சேம்பர்ஸ் உயர்நிலைப் பள்ளி என்று பெயர் மாற்றியது.

மேலும் தெரிந்துகொள்ள எதிலிருந்து தொடங்கலாம்?

கிரிக்ஸ் தீர்ப்பை முதலில் படியுங்கள். சிறியது, எளிய நடை, சட்டம் தெரியாதவருக்கும் புரியும். பிறகு ஸ்வான். அது நீளம், பள்ளி ஒதுக்கீட்டு விவரங்கள் வரும் பகுதியில் பொறுமை வேண்டும். இரண்டுமே இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. சட்ட மாணவராக இருந்தால், கிரிக்ஸ் வழக்கில் மேல்முறையீட்டு நிலையில் நீதிபதி சோபெலாஃப் எழுதிய மாறுபட்ட கருத்தையும் சேர்த்துப் படியுங்கள். உச்ச நீதிமன்றம் பிறகு சொன்னதில் பெரும்பகுதியை அவர் ஒரு வருடம் முன்பே சொல்லியிருந்தார்.